ஐந்தாவது வால்வு

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். பத்து ஆண்டுகள் இரு சக்கர வண்டியில் வரப்பும் மண் சாலையுமாக அலைந்ததில் முதுகெலும்பில் ஒரு வட்டு நகர்ந்துவிட்டது. வண்டி ஓட்டக் கூடாது, குனிந்து எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சொட்டுநீர்ப் பாசனக் கள வேலையிலிருந்து இந்த இரண்டையும் கழித்தால், மிச்சம் இருப்பது விவசாயி வீட்டில் மோர் குடிப்பது மட்டும்தான். ஆகவே சென்ற மாதத்தோடு விலகிவிட்டேன்.

என் இடத்துக்கு இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். இருவரும் என்னைப் போலவே பட்டயப் படிப்பு முடித்தவர்கள். அவர்கள் காலத்தில் வயல் படிவம் காகிதத்தில் இல்லை, கைபேசியில் வந்துவிட்டது. கிணற்றின் ஆழம், மோட்டாரின் திறன், பயிர், பரப்பு என்று வரிசையாகத் தட்டினால், எத்தனை மீட்டர் குழாய், அதில் நீரைச் சொட்டவிடும் சொட்டுவான் எத்தனை, எந்த வால்வை எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். இருவரில் ஒருத்தி என்னிடம், "அக்கா, எல்லாத்தையும் போனே சொல்லிடுது. போனுக்குத் தெரியாததை மட்டும் நீங்க எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அவள் விளையாட்டாகக் கேட்டாள். எனக்குப் பட்டியல் போடாமல் எதையும் யோசிக்க வராது என்பதால் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். இருபத்து மூன்று குறிப்புகள் வந்தன. ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தால் இருபத்திரண்டு கைபேசிக்கும் தெரிந்தவை. மிச்சம் இருந்த ஒன்றை ஒரு வரியில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் வளர்ந்தவள். அப்பா ஆட்டோ ஓட்டினார். படிப்பு முடிந்ததும் சொட்டுநீர்க் கருவிகள் அமைக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தேன். பயிற்சி மூன்று மாதம். அதில் சொல்ல அதிகம் இல்லை. குழாய் வெட்டக் கற்றேன், ஒட்டக் கற்றேன், ஒட்டியது கசிந்தால் யாருக்கும் தெரியாமல் மறுபடி வெட்டவும் கற்றேன். மற்றது எல்லாம் பாஸ்கரன் சாரோடு சுற்றிய நாட்களில் வந்தது.

பாஸ்கரன் சார் எங்கள் வட்டாரத்து மேற்பார்வையாளர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். நீலப் பேனா எழுத, சிவப்புப் பேனா அடிக்க. சிவப்புதான் சீக்கிரம் தீரும். கிணற்றருகே போனதும் யாரோடும் பேச மாட்டார். விவசாயி வணக்கம் சொன்னால் தலையசைப்பார், அவ்வளவுதான். அளந்து முடித்த பிறகே வாய் திறப்பார். இதனால் பல ஊர்களில் அவரை ஊமை என்று நினைத்து, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அவரும் கேட்டுக்கொண்டே அளந்திருக்கிறார்.

அளக்க அவரிடம் இருந்தவை மூன்று. இருபது லிட்டர் பக்கெட், கைக்கடிகாரம், ஒரு நைலான் கயிறு. கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு, ஐந்தடிக்கு ஒரு சிவப்பு நூல், நுனியில் கனத்துக்கு ஒரு இரும்பு நட்டு. முதல் நாள் மோட்டார் போட்டவுடனே நான் ஓடிப் போய் பக்கெட்டைக் குழாய் வாயில் பிடித்தேன். அவர் பக்கெட்டை வாங்கித் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றிவிட்டார்.

"இன்னா அவசரம்? பஸ்ஸு கெளம்புதா?" என்றார். "இப்ப வர்றது குழாய்ல நின்ன தண்ணி. கால் மணி ஓடட்டும்."

கால் மணி ஓட வேண்டும். பிறகு மூன்று முறை பக்கெட் நிரம்பும் நேரத்தைக் குறிக்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இல்லை என்றால் மறுபடி மூன்று. பிறகு மோட்டாரை நிறுத்தி, கயிறு இறக்கி, நீர் மட்டத்தைக் குறித்து, அரை மணி காத்திருந்து, மறுபடி கயிறு இறக்க வேண்டும். எத்தனை முடிச்சு ஏறியிருக்கிறதோ அதுதான் அந்தக் கிணற்றின் ஊற்று. அந்த அரை மணியில் அவர் வரப்பில் குந்தி, நான் நிரப்பிய படிவத்தைப் படிப்பார். ஆட்காட்டி விரலைக் கட்டத்துக்குக் கட்டம் நகர்த்துவார். விரல் ஒரு காலிக் கட்டத்தில் நின்றுவிட்டால் கையெழுத்துக் கிடையாது. "கட்டம் காலியா இருந்தா நீ அங்க போவலன்னு அர்த்தம்" என்பார்.

படிவத்தின் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் 'வீணாகும் நீர்'. மோட்டார் இறைப்பதில் பயிர் குடிப்பதைக் கழித்தால் வருவது. வாய்க்காலில் ஊறிப் போவது, பாத்திக்கு அடியில் இறங்கிவிடுவது, வெயிலில் போவது எல்லாம் அதில் அடக்கம். அந்த எண் பெரிதாக இருந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி. அதைக் காட்டித்தான் விவசாயியிடம் பேச ஆரம்பிப்போம்.

நகரத்து வீடுகளிலும் சின்ன வேலைகள் செய்தோம். மாடித் தோட்டத்துக்குச் சொட்டுக் குழாய், தொட்டி நிரம்பினால் தானே மூடிக்கொள்ளும் மிதவை வால்வு, ஒழுகும் குழாய்க்கு வாஷர். இரண்டாம் ஆண்டில் ஒரு பட்டுக் கடைக்காரர் வீட்டில் மிதவை வால்வு போட்டேன். தினமும் காலையில் அவர் வீட்டு மாடித் தொட்டி நிரம்பிக் கால் மணி நேரம் தெருவில் கொட்டும். வால்வு போட்ட மறுநாள் எதிர் வீட்டு அம்மாள் என்னைத் தெருவிலேயே பிடித்துக்கொண்டார்.

"நீ தான் அடச்சியா? எங்க வாசல் தெளிக்க இனிமே எவன் தண்ணி குடுப்பான்?"

"அது வீணாப் போன தண்ணிம்மா."

"வீணாப் போச்சுன்னு உனக்கு யாரு சொன்னா? என் பக்கெட்டுல போச்சு, பக்கத்து வூட்டு பக்கெட்டுல போச்சு. தெருவுல ஒரு சொட்டு விழுந்து நீ பாத்தியா?"

அலுவலகத்தில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால், அந்த அம்மாள் சொன்னதை அன்றே குறித்து வைத்திருக்கலாம். ஆனால் தெருவில் வைத்துத் திட்டுபவர் சொல்வதை யாரும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை.

ஆறாம் ஆண்டில் தரணேந்திரன் அவர்களின் வயலுக்குப் போனேன். திருப்பருத்திக்குன்றத்தைத் தாண்டிய ஓர் ஊர். சமணக் குடும்பம். ஊரில் எல்லோரும் அவரை நயினார் என்றே அழைப்பார்கள். இரண்டு ஏக்கர் மேட்டு நிலம், நான்கு பகுதிகளாகக் கத்திரியும் வெண்டையும், ஒரு பெரிய திறந்த கிணறு. மூன்று நாளுக்கு ஒரு முறை மண் வாய்க்காலில் தண்ணீர் விட்டுப் பாத்தி பாத்தியாக மடை மாற்றுவார்.

முறைப்படி எல்லாம் அளந்தேன். கடைசிக் கட்டத்தில் வந்த எண், இறைப்பதில் பாதிக்கு மேல் இருந்தது. அதைச் சொன்னதும் வழக்கமாக விவசாயிகள் "அப்படியா" என்பார்கள், அல்லது நம்ப மாட்டார்கள். நயினார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"பாதியாம்மா? இத்தினி வருஷமா பாதித் தண்ணிய மண்ணுல கொட்டிக்கினா இருந்தேன்?"

"எல்லாரும் அப்படித்தாங்க பண்றாங்க."

"எல்லாரும் பண்ணா பாவம் கொறஞ்சிடுமா?" என்றார்.

அவருக்குத் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன; தேவைக்கு மேல் ஒரு குவளை எடுத்தாலும் அவற்றுக்குத் துன்பம். அவர் வீட்டில் குடிநீரை இரட்டையாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டுவார்கள். பிறகு துணியைக் கவிழ்த்து அலசி, அந்த அலசிய நீரை எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தார்களோ அதே கிணற்றில் மெதுவாக இறக்கிவிடுவார்கள். வேறு கிணற்றில் விட்டால் அந்த உயிர்களுக்கு அது வேற்று ஊர்.

நாங்கள் குழாய் போட்டு முடித்த அன்று அவர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "ஃபில்டர்ல சிக்கறதை எங்க கொட்டறது?" என்பதுதான். எங்கள் கையேட்டில் வடிகட்டி வலையை வாரம் ஒரு முறை கழுவ வேண்டும் என்று மட்டும் இருந்தது. எங்கே கழுவ வேண்டும் என்று இல்லை. அவரே ஒரு முறை வகுத்துக்கொண்டார். கிணற்று நீர் நிரம்பிய பக்கெட்டில் வலையை அலசி, பக்கெட்டைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கி, தண்ணீரைத் தொட்டதும் சாய்ப்பது. ஒரு நாள் நான் உதவப் போய் பக்கெட்டை மேலேயிருந்து கவிழ்க்கப் பார்த்தேன். "கொட்டாதம்மா, எறக்கி விடு" என்று கையைப் பிடித்துவிட்டார்.

பயிர் நன்றாக வந்தது. மோட்டார் ஓடும் நேரம் பாதியாகக் குறைந்தது. நயினார் முகத்தில் ஒரு பெரிய சுமையை இறக்கி வைத்தவரின் தெளிவு இருந்தது. எங்கள் அலுவலகத்தில் புதிய விவசாயிகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டும் வயல்களில் அதுவும் ஒன்றானது.

மார்கழியில் குழாய் போட்டோம். பங்குனியில் குழாய்களின் கடைசி முனையைத் திறந்து உப்பு கழுவப் போயிருந்தேன். கீழ் வரப்புக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா இஞ்சினியரு! உங்க குழாய் எங்க கெணத்து வரைக்கும் வந்துச்சா?"

"இல்லம்மா. நயினார் வரப்போட முடிஞ்சிடுச்சு."

"அப்ப எங்க தண்ணி எப்பிடி உங்க குழாய்ல பூந்துச்சு?"

ஆரோக்கியமேரி அம்மாள். நயினார் நிலத்தின் சரிவு முடியும் இடத்தில் அவருக்கு முப்பது சென்ட் நிலம். அவருடைய மாமனார், மாமியார் காலத்தில் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாகக் கையளவு மண்ணும் இல்லை. சுற்றியிருந்த வயல்களில் கூலி வேலை. மேரியம்மாவும் பல வருடம் நாற்று நட்டவர்தான். கணவர் தொழிற்சாலைக் கேன்டீனுக்குப் போக ஆரம்பித்த பிறகு இந்த முப்பது சென்டை வாங்கி, சிமென்ட் உறை இறக்கிக் கிணறு போட்டு, கனகாம்பரம் வைத்து, இரண்டு மாடும் கட்டினார்கள். கூலிக்குப் போவதை அவர் நிறுத்தி எட்டு வருடம் ஆகியிருந்தது.

கிணற்றை எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு உறை. மேலிருந்து பதினோரு உறை காய்ந்திருந்தது. கடைசி உறையில் தண்ணீர் பக்கெட்டின் விளிம்பு முங்கும் அளவுக்குக்கூட இல்லை.

"பங்குனி ஆச்சே மேரிம்மா. எல்லாக் கெணறும் எறங்கும்" என்றேன்.

"இந்தக் கெணத்துல எட்டு பங்குனி பாத்துட்டேன். ஆறாவது உறைக்குக் கீழ ஒரு நாள் எறங்குனதில்ல. ஒம்பதாவது பங்குனிக்கு மட்டும் இன்னா புதுசா வந்துச்சு? நீ தான் புதுசா வந்த."

வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பேருந்துச் சாலைக்கு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. அலுவலகத்தில் காகிதம் எடுத்துச் சரிவை வரைந்தேன். மேலே நயினாரின் மணல் கலந்த மண். அதற்குக் கீழே பத்து, பன்னிரண்டு அடியில் இறுகிய களி. வாய்க்காலில் விட்ட தண்ணீர் கீழே இறங்கி, களியில் முட்டி, அதன் மேலாகவே சரிந்து மேரியம்மாவின் உறைகளுக்குள் கசிந்திருக்கிறது. நான் கடைசிக் கட்டத்தில் வீண் என்று எழுதியதில் ஒரு பெரும் பங்கு எட்டு வருடமாக ஒரு கிணறாக இருந்திருக்கிறது. அந்த எண்ணை என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தேன்.

பாஸ்கரன் சாரிடம் சொன்னேன். வரைபடத்தைப் பார்த்தார். விரலை நகர்த்தவே இல்லை.

"நயினார் வயல்ல எல்லாம் சரியா இருக்குதா?"

"இருக்குது சார்."

"அப்ப நம்ம வேலை வரப்போட முடிஞ்சிது. இது கோடையா, குழாயா, உனக்கு எப்பிடித் தெரியும்? அளந்தியா?"

"இல்ல சார்."

"அளக்காம எங்கிட்ட வராத, கலா."

அதை அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. அளக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அளப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. நயினார் ஒரு நாள் கீழ்ப் பகுதியில் பழையபடி வாய்க்காலில் தண்ணீர் விட வேண்டும். மேரியம்மாவின் கிணறு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். நயினார் ஒப்புக்கொள்ளவில்லை.

"பாதி தண்ணிய மறுபடி மண்ணுல கொட்டச் சொல்றியா? தப்பு பண்ணிக்கினு இருந்தேன்னு நீ தானேம்மா சொன்ன? தெரியாம பண்ணது வேற. தெரிஞ்சே பண்ணச் சொல்லாத." பிறகு அவராகவே, "மேரிக்குத் தண்ணி இல்லன்னா நம்ம தொட்டில வந்து மொண்டுக்கினு போவட்டும். எத்தினி கொடம் வேணுமோ எடுக்கட்டும். நான் இன்னா வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றார்.

சிக்கல் தீர்ந்தது என்று நினைத்து வரப்பைத் தாண்டிப் போய்ச் சொன்னேன். மேரியம்மா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்தார்.

"கொடத்தைத் தூக்கிக்கினு போய் அங்க நிக்கணுமா? எங்க மாமியா நின்னாங்க. நான் நிக்க மாட்டேன்."

"அவரு நல்லவருங்கம்மா. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு."

"நல்லவரு தான். அதாம்மா கஷ்டம். கெட்டவனா இருந்தா சண்டை போட்டு வாங்கிடுவேன். நல்லவங்க கிட்ட தெனம் வாங்குனா தெனம் தலைய குனியணும். மண்ணுக்குள்ள வந்த தண்ணிக்கு நான் யாருக்கும் வணக்கம் போடலியே."

எனக்குத் தெரிந்த எந்தக் கட்டத்திலும் இதை எழுத இடம் இல்லை.

அடுத்த வாரம் வடிகட்டி பார்க்கப் போயிருந்தேன். நயினார் வழக்கம் போல வலையை அலசி, பக்கெட்டைக் கிணற்றில் இறக்கிக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு சிறிய சரக்கு வண்டி போனது. அதில் மேரியம்மாவின் மாடுகளில் ஒன்றும், அதன் கன்றும். வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வந்த மேரியம்மா, எங்களைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"நயினாரே!" என்றார். சத்தம் போடவில்லை. "கண்ணுக்குத் தெரியாத உசுரை எல்லாம் பதமா எறக்கி விடறீங்க. என் மாடு கண்ணுக்குத் தெரியலியா?"

நயினார் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். பக்கெட் பாதிக் கிணற்றில் தொங்கியது. மேரியம்மா போய்விட்டார். நயினார் பக்கெட்டை இறக்கி, சாய்த்து, மேலே எடுத்து, கயிற்றைச் சுற்றி வைத்தார். எதையும் அவசரமாகச் செய்யவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"நம்ம தண்ணி தான் அங்க போயிட்டிருந்துதா?"

"தெரியலீங்க. அளந்தா தான் தெரியும்."

"அள" என்றார்.

அந்தச் சோதனையை எழுதி வைப்பது அவசியம், ஏனென்றால் அதை யாரும் செய்யலாம். முதல் இரண்டு நாள் எதையும் மாற்றாமல், காலை ஆறரைக்கு, மேரியம்மா முதல் பக்கெட் இறைப்பதற்கு முன் கயிறு இறக்கினேன். இரண்டு நாளும் ஒரே முடிச்சு. மூன்றாம் நாள் மும்முனை மின்சாரம் வந்ததும் நயினார் கீழ்ப் பகுதியில் வாய்க்காலைத் திறந்தார். தண்ணீர் மண்ணில் விரிவதைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றார். நான்காம் நாள் அதே முடிச்சு. ஐந்தாம் நாளும் அதே முடிச்சு. மேரியம்மா கிணற்றங்கரையில் நின்று, "உன் கயிறு நனையறதுக்குள்ள என் கண்ணு நனைஞ்சி காஞ்சிடும்" என்றார். கோடைதான் காரணம் என்று எழுதிவிடலாமா என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதை மறைக்கப் போவதில்லை.

ஆறாம் நாள் காலை கயிற்றில் ஒரு முடிச்சு கூடுதலாக நனைந்து வந்தது. ஏழாம் நாள் இரண்டு. அன்றே பாஸ்கரன் சாரிடம் எண்களைச் சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாஸ்கரன் சார் பேருந்தில் வந்து இறங்கினார். நிறுவனச் சட்டை இல்லை. வேட்டியும் சாதாரணச் சட்டையும். பைக்குள்ளிருந்து தன் கயிற்றை எடுத்து, யாரோடும் பேசாமல் மேரியம்மாவின் கிணற்றை அளந்தார். மேரியம்மா என்னிடம், "யாரும்மா இது, வாய் பேச வராதா?" என்றார். சார் கயிற்றைச் சுருட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"இதை எழுதுனா அடுத்த ஊர்ல ஒருத்தனும் குழாய் போட மாட்டான்."

"எழுதலன்னா சார்?"

"எழுதலன்னா அடுத்த ஊர்ல இன்னொரு கெணறு" என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

என்னிடம் நான்கு வழிகள் இருந்தன. பழையபடி வாய்க்காலுக்கே திரும்புவது. நயினார் மனம் ஒப்பாது, மோட்டாரும் இரட்டிப்பு நேரம் ஓடும். குழாய் வைத்து மேரியம்மாவின் தொட்டியை நிரப்புவது. அவர் வாங்க மாட்டார். அவர் கிணற்றை ஆழப்படுத்துவது. கீழே களி, அதற்கும் கீழே உப்புத் தண்ணீர். நான்காவது, நயினாரின் கீழ் வரப்பை ஒட்டி முழங்கால் ஆழத்துக்கு நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, உடைந்த செங்கல்லும் மணலும் நிரப்பி, பிரதானக் குழாயிலிருந்து அதற்குத் தனியாக ஒரு வால்வு வைப்பது. மூன்று நாளுக்கு ஒரு முறை முக்கால் மணி. மழைக் காலத்தில் மேட்டிலிருந்து ஓடி வரும் தண்ணீரும் அதே பள்ளத்தில் இறங்கும். தண்ணீர் பழையபடி மண் வழியாகவே போகும்.

நயினார் கேட்டார்: "இதுவும் கொட்டறது தானேம்மா?"

"கொட்டுனா எங்க போவுதுன்னு தெரியாதுங்க. இது எங்க போவுதுன்னு அளந்து வெச்சிருக்கோம்."

அவர் கீழ் வரப்பு வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். "எந்தக் கெணறோ அந்தக் கெணறு. சரி" என்றார்.

மேரியம்மா கேட்ட கேள்விகள் வேறு.

"யாரு தொறப்பாங்க?"

"நயினார். மத்த நாலு வால்வையும் தொறக்கற மாதிரி. நாள் போட்டு மோட்டார் ரூம்ல அட்டை மாட்டிடுவோம்."

"நான் போய் கேக்கணுமா?"

"வேணாம்."

"மறந்துட்டாருன்னா?"

"அட்டைல இருக்கும்மா."

"இருந்தா சரி" என்றார்.

படிவம் எழுதும்போதுதான் சிக்கியது. நான்கு பகுதிகளுக்கும் பயிர், பரப்பு எல்லாம் இருந்தன. ஐந்தாவதுக்கு நான் வால்வின் அளவையும் நேரத்தையும் மட்டும் எழுதியிருந்தேன். பாஸ்கரன் சாரின் விரல் நகர்ந்து வந்து 'பயிர்' என்ற கட்டத்தில் நின்றது. வெறும் பள்ளம், அதில் என்ன பயிர் எழுதுவது? கையெழுத்துக் கிடைக்காது என்றே நினைத்தேன். சார் நீலப் பேனாவை எடுத்து, நிதானமாக, கனகாம்பரம் என்று எழுதினார். பரப்பு, முப்பது சென்ட். விவசாயி பெயர் இருந்த இடத்தில் நயினாரின் பெயரே இருந்தது. அதை அவர் மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "மேல இருந்து கேட்டா எங்கிட்ட அனுப்பு" என்றார்.

கேட்டார்கள். அந்த வயலின் நீர்ச் சேமிப்பு ஏன் இவ்வளவு குறைந்தது என்று கேட்டார்கள். முன்பு நாங்கள் சொன்ன சேமிப்பில் ஒரு பகுதி சேமிப்பே அல்ல, இடம் மாற்றம்தான் என்று நான் பதில் எழுதினேன். அதற்கு மறு கடிதம் வரவில்லை. அந்த வயலுக்குப் புதிய விவசாயிகளை அழைத்துப் போவதும் நின்றுபோனது.

கிணறு உடனே மீளவில்லை. சித்திரையும் வைகாசியும் கடுமையாகத்தான் போயின. கனகாம்பரத்தில் பாதி காய்ந்தது. மீதிச் செடிகளையும் ஒரு மாட்டையும் வைத்துக்கொண்டு மேரியம்மா சமாளித்தார். கூலிக்குப் போகவில்லை. விற்ற மாடு திரும்பவும் இல்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீர் ஐந்தாவது உறைக்கு ஏறியது. மறு பங்குனியில் ஏழாவது உறையில் நின்றது. எந்தப் பங்குனியிலும் பழைய ஆறாவது உறையை அது எட்டவே இல்லை. இதையும் சொல்ல வேண்டும். நாம் திருத்தியது பழையபடி ஆவதில்லை.

என் இடத்துக்கு வந்திருக்கும் இருவருக்கும் நான் சொல்வது இதுதான். கைபேசி நீங்கள் நிற்கும் வயலைக் கேட்கும். நீங்கள் அதை நிரப்புவதற்கு முன் சரிவில் கீழே நடந்து போங்கள். வரப்பு முடிந்த பிறகும் போங்கள். கிணறு, குட்டை, ஈரம் நிற்கும் மூலை, பச்சையாக இருக்கும் ஒற்றை முருங்கை, எது கண்ணில் பட்டாலும் அது யாருடையது என்று கேளுங்கள். கேட்டு அளந்த பிறகு வீண் என்ற சொல்லை எழுதலாம். நான் அப்படி நடந்து பார்த்த பல வயல்களில் அது வீணாகத்தான் இருந்தது. தயங்காமல் குழாய் போட்டேன். சில இடங்களில் அப்படி இல்லை.

சென்ற மாதம் கடைசிச் சுற்றாக அந்த ஊருக்குப் போனேன். பேருந்தில் போய் நடந்தேன். மேரியம்மா களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி எங்கம்மா?"

"முதுகு போச்சு மேரிம்மா. வேலைய வுட்டுட்டேன்."

"வண்டி மேல ஒக்காந்தே முதுகு போச்சா? நாத்து நட்டிருந்தா இன்னா ஆயிருப்ப!"

கயிற்றை இறக்கினேன். ஏழாவது உறைக்கு ஒரு விரல் மேலே நின்றது. "எத்தினி?" என்று கேட்டார். சொன்னேன். "நீ வந்து அளக்காம எனக்குத் தெரியாதாக்கும். தவளை கத்தற கத்துல தூங்க முடியல. அதுக்கு ஒரு வால்வு இருந்தா போட்டுட்டுப் போ."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மேட்டில் நயினார் மோட்டார் அறையிலிருந்து வெளியே வந்தார். சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் அவர் நடையில் எப்போதும் அந்த நேரத்தில் ஒரு வேகம் இருக்கும். கீழ் வரப்பு வரை வந்து, குனிந்து, ஐந்தாவது வால்வைத் திருப்பினார். பள்ளத்துக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்துக் கை உயர்த்திவிட்டு வீட்டுப் பக்கம் போனார்.

"நயினார் தொறந்துட்டாரு" என்றேன்.

மேரியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்னிக்கு அதுக்கு நாளு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.